பூச்சியும் பூவும் எடுக்க, ஊர் சுற்ற ஒரே கேமரா: வாங்கும்போது செய்யும் தவறுகள்

50,000 முதல் 80,000 ரூபாய்க்குள் ஒரு கேமரா. தோட்டத்துப் பூச்சிகளை நெருங்கி எடுக்க வேண்டும், வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ போகும்போது தோளில் மாட்டிக்கொள்ளவும் வேண்டும். இப்படித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்றுதான் கேட்கத் தொடங்குகிறார்கள். மேக்ரோ படத்துக்கு, அதாவது சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் படத்துக்கு, இந்த இரண்டு கேள்வியாலும் பெரிய பயன் இல்லை. முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் எடுக்கப்போகும் பொருள் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. அது தெரிந்தால் லென்ஸ் முடிவாகிவிடும். லென்ஸ் முடிவானால் கேமரா தானாக வந்து சேரும்.

கடைக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் அடிஸ்கேல் எடுத்துப் போங்கள். கேமராவை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, ஸ்கேலைக் குறுக்காக வைத்துப் படம் எடுங்கள். படத்தில் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று எண்ணுங்கள். சென்சாரின் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லின்) அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான உருப்பெருக்கம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், ஏபிஎஸ்-சி சுமார் 23.5 (கேனானில் 22.3); மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3; ஒரு இன்ச் சென்சார் 13.2.

இந்தியாவில் பலர் கையில் இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவான கேனான் 200டி மார்க் 2-ஐ எடுத்துக்கொள்வோம். அதோடு வரும் 18-55 லென்ஸ் 25 செ.மீ. வரை நெருங்கும், உருப்பெருக்கம் 0.25. ஸ்கேலில் ஏறத்தாழ 89 மி.மீ. தெரியும். 5 மி.மீ. நீளமுள்ள எறும்பு, 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் சுமார் 340 பிக்சல்தான் பிடிக்கும். அதே கேமராவில் 1:1 மேக்ரோ லென்ஸ் (உருப்பெருக்கம் 1) மாட்டினால் அந்த எறும்பு 1,340 பிக்சலைத் தாண்டும். பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றாமலே நான்கு மடங்கு லாபம். 24 மெகாபிக்சலிலிருந்து 32-க்குப் போனால் அகலத்தில் கிடைப்பது சுமார் 15 சதவீதம் மட்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தேவையே இல்லாமல் 1:1 லென்ஸ் வாங்குவது. தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவன் சிறகை விரித்தால் 6 செ.மீ.க்கு மேல் இருக்கும். அதை 1:1-இல் எடுத்தால் ஒரு சிறகுகூட முழுதாக அடங்காது. கேனானின் 55-250 எஸ்டிஎம் லென்ஸ் 85 செ.மீ. தூரத்தில் 0.29 உருப்பெருக்கம் தரும். ஃபிரேமில் 77 மி.மீ. அடங்கும். பட்டாம்பூச்சிக்கும் பெரிய தும்பிக்கும் அதுவே சரியான அளவு. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி நிற்பதால் அது பறந்தும் போகாது. பட்டாம்பூச்சி மட்டும் போதும் என்பவர் மேக்ரோ லென்ஸுக்குப் பணம் போட வேண்டியதில்லை. குதிக்கும் சிலந்தி, எறும்பு, பூவின் மகரந்தத் தாள் என்று இறங்குபவருக்குத்தான் 1:1 தேவை.

"மேக்ரோ" என்று எழுதியிருப்பதை நம்புவது

ஜூம் லென்ஸ்கள் பலவற்றின் மேல் மேக்ரோ என்று அச்சிட்டிருக்கும். 0.25, 0.3 உருப்பெருக்கம் உள்ளவற்றுக்கும் அந்தச் சொல்லைத் தாராளமாகப் போடுகிறார்கள். விவரப் பட்டியலில் அதிகபட்ச உருப்பெருக்கம் என்ன எண் என்று பாருங்கள். பெயரைப் பார்க்க வேண்டாம். கேனான் ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்1.8, ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்2 இரண்டிலும் மேக்ரோ என்றுதான் இருக்கிறது. இரண்டும் தருவது 0.5. நல்ல லென்ஸ்கள்தான், ஆனால் எறும்புக்குப் போதாது.

"1 செ.மீ. மேக்ரோ" என்ற விளம்பரம் இன்னும் அதிகம் ஏமாற்றும். நிக்கான் பி950 போன்ற பெரிய ஜூம் கேமராவில் அந்த 1 செ.மீ. கணக்கு ஜூம் செய்யாத அகலக் கோணத்தில்தான். ஜூமை முழுதாக நீட்டினால் 5 மீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். 1 செ.மீ. நெருங்கும்போது லென்ஸின் நிழல் பூச்சியின் மேல் விழும். பூச்சியும் அதுவரை காத்திருக்காது. பூவுக்கும் நாணயத்துக்கும் அது சரி.

லென்ஸ் மாற்ற முடியாத கேமராக்களில் விதிவிலக்கு ஒன்று: ஒலிம்பஸ் டிஜி-6, அதன் வழியில் 2023-இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7. இவற்றின் மைக்ரோஸ்கோப் முறையில் ஜூமின் எந்த நிலையிலும் 1 செ.மீ. வரை நெருங்கலாம். கால் கிலோ எடை, 15 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது, வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பதையும் கேமராவே செய்யும். சென்சார் மிகச் சிறியது என்பதால் நிழலான காட்டில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதற்கென விற்கும் எஃப்டி-1 டிஃப்யூசரை (ஃபிளாஷ் ஒளியைப் பரப்பும் துணைக்கருவியை) சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மழையிலும் அருவியிலும் நனைந்துகொண்டே எடுக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த விலையில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. உங்கள் ஊரில் சேவை மையம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள்.

தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள்

லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கான விவரப் பட்டியலில் வரும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளந்தது. கேமராவின் மேற்புறம் வட்டத்தை ஒரு கோடு குறுக்கே வெட்டுவது போன்ற குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். உங்களுக்கு வேண்டியதோ லென்ஸின் முன் கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்ற கணக்கு. சோனி ஈ 30 மி.மீ. மேக்ரோவில் தூரம் 9.5 செ.மீ. என்று போட்டிருக்கும், 1:1-இல் மிஞ்சுவது 2.4 செ.மீ. கேனான் ஈஎஃப்-எஸ் 35 மி.மீ. மேக்ரோவில் 3 செ.மீ. அந்த இடைவெளியில் ஒளியும் நுழையாது, உயிருள்ள பூச்சியும் நிற்காது.

60 மி.மீ. லென்ஸில் சுமார் 9 அல்லது 10 செ.மீ. கிடைக்கும். 90, 100 மி.மீ. லென்ஸ்களில் 14 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். பூச்சிக்கு 60-க்குக் கீழே போகாதீர்கள். பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான ஒலிம்பஸ் 60 மி.மீ. எஃப்2.8 வெறும் 185 கிராம். கேனானின் ஈஎஃப் 100 மி.மீ. யுஎஸ்எம் 600 கிராம். நாள் முழுக்க மலையேறும்போது அந்த 400 கிராம் வித்தியாசம் கழுத்தில் தெரியும்.

ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்று பணத்தை எல்லாம் பாடியில் கொட்டுவதும் இதோடு சேர்ந்த தவறு. 17 மி.மீ. அகலமுள்ள ஒரு பூச்சியை ஃபிரேம் நிறைய எடுக்க மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 1:1 போதும். ஃபுல் ஃபிரேமில் 2:1 வேண்டும். அந்த லென்ஸ் அரிது, பெரும்பாலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

ஆட்டத்தைத் தடுக்கும் வசதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம்

மேக்ரோ படம் கெடுவதற்குக் கை நடுக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி காற்று. செடி நொடிக்கு 1 செ.மீ. மட்டும் அசைகிறது என்று வைத்துக்கொள்வோம், அது நாம் பெரிதாகக் கவனிக்காத அசைவு. 1:1-இல், 1/250 நொடியில், அது சென்சாரின் மேல் 0.04 மி.மீ. நகரும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 11 பிக்சல். லென்ஸிலோ பாடியிலோ உள்ள எந்த ஸ்டெபிலைசேஷனும் இதைச் சரிசெய்யாது. கை நடுக்கத்துக்கும்கூட நெருங்க நெருங்க அதன் பலம் குறையும். கேனான் தன் 100 மி.மீ. எல் லென்ஸுக்கு வழக்கமான தூரத்தில் 4 ஸ்டாப் என்றும் 1:1-இல் 2 ஸ்டாப் என்றும்தான் சொல்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கலாம்).

காற்றை நிறுத்துவது ஃபிளாஷ். பவரை 1/16-க்குக் குறைத்து வைத்தால் வெளிச்சம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் இருக்கும். அசைவு அப்படியே உறைந்துவிடும். தொடங்குவதற்கு ஷட்டர் 1/160, அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை) எஃப்8, ஐஎஸ்ஓ 200 என்று வைத்து, ஃபிளாஷ் பவரை மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை டிஃப்யூசர் கட்டாயம். பூச்சிக்கு மிக அருகில், லென்ஸின் நுனிக்கு மேலே வரும்படி அது நீள வேண்டும். டிஃப்யூசர் இல்லாமல் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டுதான் விழும். பாடியிலேயே உள்ள குட்டி ஃபிளாஷை அப்படியே பயன்படுத்தினால் லென்ஸ் குழாயின் நிழல் படத்தின் அடிப்பாகத்தை மறைக்கும்.

ஆகவே ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பார்க்காமல் கேமரா வாங்கக் கூடாது. 200டி மார்க் 2-இன் ஹாட் ஷூவில் நடு முள் கிடையாது. ஒற்றை முள்ளை நம்பி வேலை செய்யும் விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ்கள் அதில் எரியாது. கேனானுக்கென்றே செய்த டிடிஎல் ஃபிளாஷ் (ஒளியின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் வகை) வேண்டும். ஆர்50-இல் பழைய அடிப்பாகம் கொண்ட ஃபிளாஷை மாட்ட ஏடி-ஈ1 என்ற அடாப்டர் வாங்க வேண்டும். சோனி இசட்வி-ஈ10 மார்க் 2-இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை, ஆகவே ஃபிளாஷ் வேலை செய்யாது. வீடியோவுக்கு அது நல்ல கேமரா. பூச்சி எடுப்பவருக்கு ஆகாது. திரையையும் கவனியுங்கள். தரையோடு கிடக்கும் காளானை எடுக்கத் திரை மடங்க வேண்டும்; கேனான் ஆர்100-இல் அது அசையாது.

எஃப்22-க்கு மூடுவது

1:1-இல் எஃப்8 வைத்தால் ஏபிஎஸ்-சி கேமராவில் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் 0.6 மி.மீ. எறும்பின் கண் தெளிவாக இருந்தால் வயிறு மங்கும். உடனே ஒளித் துளையை எஃப்22-க்கு மூடிவிடத் தோன்றும் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும், ஆழம் கூடும்). ஆனால் நெருங்கும்போது உண்மையான எஃப் எண் கூடிவிடுகிறது: உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 1:1-இல் எஃப்11 என்பது எஃப்22 ஆகிறது, எஃப்22 என்பது எஃப்44. சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் முடி, செதில் எல்லாம் மெழுகு பூசியது போலாகிவிடும். ஏபிஎஸ்-சியில் எஃப்8-க்கும் 11-க்கும் நடுவிலேயே நில்லுங்கள். ஆழம் போதவில்லையென்றால் பூச்சியின் பக்கவாட்டுக்குச் சென்சாரை இணையாகப் பிடியுங்கள். கண், இறக்கை, வால் மூன்றும் ஒரே தளத்தில் வந்துவிடும். ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிட்டு உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுப்பது ஆட்டோஃபோகஸைவிட நம்பகமானது.

மலிவான துணைக்கருவிகள்

500 ரூபாய்க்கு லென்ஸின் முன்னால் மாட்டும் +1, +2, +4, +10 என்ற நான்கு க்ளோஸ்-அப் கண்ணாடி ஒரு பையில் வரும். ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக வழியும். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபும், மின் தொடுமுனை இல்லாததானால், வீண்: இன்றைய லென்ஸ்களில் அபெர்ச்சரைக் கேமராதான் இயக்குகிறது, இணைப்பு அறுந்தால் அதை மாற்ற முடியாது. தொடுமுனை உள்ள டியூப் வாங்கினாலும் கணக்குப் போட்டு வாங்குங்கள்: டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடும் உருப்பெருக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸில் 26 மி.மீ. டியூப் 0.52 கூட்டும், 250-இல் 0.1 மட்டுமே.

நீள ஜூமுக்கு ரேனாக்ஸ் டிசிஆர்-150 அல்லது டிசிஆர்-250 என்ற, லென்ஸின் முன்னால் மாட்டும் தரமான க்ளோஸ்-அப் கண்ணாடி பொருந்தும். 52 முதல் 67 மி.மீ. வரை உள்ள லென்ஸ் முகப்பில் கிளிப் போலக் கவ்வும். டிசிஆர்-150-இன் திறன் 4.8 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு). 55-250 லென்ஸை 250-இல் வைத்து, ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளி இதை மாட்டினால் 1.2 மடங்கு கிடைக்கும். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சுமார் 20 செ.மீ. இடமும் மிஞ்சும். 8 டயாப்டர் கொண்ட டிசிஆர்-250-இல் 2 மடங்கு, இடைவெளி 12 செ.மீ. முதலில் 150-ஐ வாங்குங்கள். 250-இல் பூச்சியை ஃபிரேமுக்குள் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 200டி மார்க் 2 பாடி 449 கிராம், 18-55 லென்ஸ் 215, 55-250 லென்ஸ் 375. ஏறத்தாழ 1,040 கிராமில் கோயில் கோபுரம், பட்டாம்பூச்சி, எறும்பு மூன்றும் முடிந்துவிடும். பயணத்துக்கும் மேக்ரோவுக்கும் சேர்த்து இந்த விலையில் இதுவே முதலில் பார்க்க வேண்டிய சேர்க்கை.

பேட்டரியில் ஒரு சிறு கணக்கு. 200டி மார்க் 2 வியூஃபைண்டரில் ஒரு சார்ஜுக்கு 1,070 படம் வரை எடுக்கும், ஆனால் யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறாது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பல 300, 400 படத்தோடு நிற்கும். பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றும் வசதி அவற்றில் பலவற்றில் உண்டு. எதுவானாலும் ஒரு உபரி பேட்டரி எடுத்துப் போங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

மேக்ரோ லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல யோசனை, பணம் மிச்சமாகும். நிக்கானில் மட்டும் ஒன்று: பழைய ஏஎஃப்-டி வகை 60, 105 மி.மீ. மைக்ரோ லென்ஸ்கள் டி3500, டி5600 பாடிகளில் ஆட்டோஃபோகஸ் ஆகாது, அந்த லென்ஸிலும் பாடியிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை. நிக்கானின் மிரர்லெஸ் இசட் கேமராவில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அப்படியே.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பார்க்கும் லென்ஸில் முதல் சந்தேகம் பூஞ்சை. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும். பூஞ்சை சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து கிளை விட்டிருக்கும். நூல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கிய லென்ஸைத் தோல் பையில் வைத்து அலமாரியில் மூடாதீர்கள். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, ஆறவைத்துத் திரும்ப உள்ளே போடுங்கள்.