கொதிகலன் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானியங்கிச் சோதனை எழுதுவது எப்படி?

கொதிகலனின் அழுத்தம் 10 பார் (அழுத்தத்தின் அலகு) என்ற அளவைத் தாண்டியதாக மூன்று சென்சார்களில் இரண்டு காட்டினால், எரிபொருள் வால்வு அரை விநாடிக்குள் மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: விதிக்கு ஓர் அடையாள எண் இட்டு, ஒவ்வொரு சோதனையிலும் அதைக் குறிப்பிடுங்கள். எதிர்பார்க்கும் விடையை விதியைப் படித்தே எழுத வேண்டும். நிரலை ஓட்டிப் பார்த்து அது தந்ததையே சரியான விடையாகப் பதிந்தால், நிரலில் உள்ள பிழையும் அதோடு சேர்ந்து சரியான விடையாகவே பதிவாகிவிடும்.

படி 2: உண்மைக் கொதிகலனுக்குப் பதிலாக அதைப் போல நடந்துகொள்ளும் சிமுலேட்டர் ஒன்றை அமையுங்கள். அது தரும் அளவுகள் மென்பொருள் இயங்கப்போகும் சூழலுக்கே உரியவையாக இருக்க வேண்டும். ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்ட வழிகாட்டு மென்பொருளை, ஏரியான் 5 செல்லவிருந்த பாதையின் தரவுகளைக் கொண்டு சோதிக்காமலே அதில் பொருத்தினார்கள். 1996 ஜூன் 4 அன்று, கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பு 16 பிட் முழு எண்ணின் உச்சமான 32,767-ஐ மீறியது. முதன்மை வழிகாட்டுக் கருவி பழுதானால் கைகொடுக்க வைத்திருந்த மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் இரண்டுமே செயலிழந்து, ராக்கெட் சிதறியது.

படி 3: எல்லையை ஒட்டிய 9.9, 10.0, 10.1 ஆகிய அளவுகளைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து, ஒவ்வொரு சென்சாருக்கும் குறைவு, மிகை, பழுது என மூன்று நிலைகள் வைத்தால் 27 சேர்க்கைகள் வரும். கணினிக்கு இது பெரிய வேலையன்று, எனவே எதையும் விடாதீர்கள். ஒரு சென்சார் பழுதாகி, மற்ற இரண்டும் முரண்பட்டால் என்ன செய்வது? நம் விதியில் இதற்கு விடை இல்லை. சோதனை எழுதுபவர் அதைத் தாமே ஊகித்து நிரப்பாமல், விதியை வகுத்தவரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். என் கணிப்பில், இத்தகைய ஓட்டைகளை வெளிக்கொணர்வதே தானியங்கிச் சோதனையின் முதல் பயன். நிரலில் பிழை பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

படி 4: சோதனைகளையே சோதியுங்கள். நிரலில் 'இரண்டு' என்பதை வேண்டுமென்றே 'மூன்று' என மாற்றி ஓட்டும்போது எல்லாமே தேறிவிட்டால், சோதனைத் தொகுப்பை நம்ப முடியாது.

படி 5: உண்மையான கட்டுப்பாட்டுக் கருவியைச் சிமுலேட்டரோடு இணைத்து அதே சோதனைகளை மீண்டும் ஓட்டுங்கள். அரை விநாடிக் கெடுவை மேசைக் கணினியில் அளப்பதில் பொருளில்லை, ஏனெனில் அதன் வேகம் வேறு. நிரலில் ஒரு வரி மாறினாலும், 27 சேர்க்கைகளும் முதலிலிருந்து ஓட வேண்டும்.