மொட்டை மாடியில் கடல் தீம் பார்ட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெழுகுவர்த்தி வாங்க மறப்பது, தட்டு பத்தாமல் போவது இதெல்லாம் ஒரே தடவையில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடலாம். முதன்முறையாக மே மாதத்தில் வீட்டிலேயே பார்ட்டி வைக்கும் பெற்றோர் ஒவ்வொரு வருடமும் போய் முட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும் இங்கே. 3 முதல் 6 வயதுவரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், மொட்டை மாடி, நீல அலங்காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு அழைப்பது

அக்னி நட்சத்திரத்தில் நாலு மணிக்கு வெயில் சாய்ந்திருக்கும், தளம் ஆறியிருக்காது. பகல் முழுக்க வாங்கிய சூட்டை கான்கிரீட் பொழுது சாய்ந்த பிறகும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சென்னையில் கடல்காற்று கொஞ்சம் காப்பாற்றும். மதுரையிலும் திருச்சியிலும் அதுவும் கிடையாது. நாலரைக்கு ஒருமுறை, ஐந்துக்கு ஒருமுறை தளத்தில் தண்ணீர் தெளித்து, ஐந்தேகாலுக்கு அழையுங்கள். ஆறரைக்கு முடித்துவிடுங்கள், அதற்குமேல் கொசு வந்துவிடும். இந்த வயதுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாராளம்.

ஜெல்லி பந்துகள்

இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த பார்ட்டியில் மறுபடி ஒரு டப் நிறைய இருக்கிறது. இன்னமும் கோபம் வருகிறது.

பாக்கெட்டில் கடுகு மாதிரி கலர் மணிகளாக இருக்கும். ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கோலிக்குண்டு. கண்ணாடி ஜாடியில் செடி வைப்பதற்கென்று விற்பதும் இதுதான். நீலத்தை டப்பில் கொட்டி, பிளாஸ்டிக் மீன்களைப் புதைத்துவைத்து 'கடலில் தேடு' என்றால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். படமும் அழகாக வரும்.

'விஷமில்லாதது' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்குகிறார்கள். ஆபத்து விஷத்தில் இல்லை, வீங்குவதில் இருக்கிறது. பாதி ஊறிய மணி மிட்டாய் போலவே இருக்கும். விழுங்கினால் குடலில் உள்ள நீரையும் உறிஞ்சி இன்னும் பெருத்து, வழியை அடைத்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் குழந்தை வாந்தி எடுக்கும்போது பார்ட்டியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நேரத்தைக் கடத்துவார்கள். சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது. காதில் போட்டுக்கொண்டாலும் இதே கதை. சொட்டு மருந்து விட்டால் இன்னும் வீங்கும். அமெரிக்காவில் 2023 டிசம்பரில் பெரிய கடைகளே இவற்றைக் குழந்தைகளுக்கான பொருளாக விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன.

'பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறோம்' என்பது வழக்கமான பதில். இவை துள்ளும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பூந்தொட்டி இடுக்கில், மழைநீர்க் குழாய் வாயில் உருண்டு போகும். வெயிலில் காய்ந்து மறுபடி கடுகளவாகச் சுருங்கும். கூட்டினாலும் கண்ணில் படாது. ஒரு வாரம் கழித்து அதே மாடியில் தவழும் குழந்தையின் கையில் கிடைக்கும்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்திக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பாக்கெட்டையும் மிச்ச மணிகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.

மாற்று நம் சமையலறையிலேயே இருக்கிறது: பாயசத்துக்குப் போடும் ஜவ்வரிசி. ஒரு கப்புக்கு எட்டு கப் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே ஜவ்வரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றினால் களியாகிவிடும். நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்வரை வேகவிட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். வடிகட்டி, கஞ்சிப் பசை போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். இருபது சங்குப்பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டால் கடல்நீலம் இறங்கும். அது ஆறியதும் அதில் ஜவ்வரிசியை ஊறவிடுங்கள். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், அதையே பிள்ளைகள் முன்னால் ஒரு வித்தையாகச் செய்யலாம். அன்றைக்குக் காலையில் செய்தால் போதும். மே வெயிலில் மறுநாளைக்குப் புளித்துவிடும்.

பாக்கெட் ஜெல்லி

ஜெலட்டின் ஜெல்லி உடல் சூட்டிலேயே கரையும் பொருள்; மாடிக்கு வந்த கால் மணியில் தண்ணீர்தான். அது விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் சைவப் பிள்ளைகளுக்கும் ஆகாது. கடல்பாசி (அகார்) வாங்குங்கள், சைனா கிராஸ் என்று கேட்டாலும் கிடைக்கும். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முக்குளித்து எடுக்கும் பாசிகளிலிருந்தும் அகார் தயாராகிறது. கடல் தீமுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, இழை முழுதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தட்டில் ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இறக்கிய பிறகுதான். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அகார் இறுகாது.

முழுத் திராட்சை

நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

பலூன்

ஏசி அறையில் முழுக்க ஊதி மாடிக்குக் கொண்டுவந்தால் காற்று விரிந்து வெடிக்கும். முக்கால் அளவு போதும். வெடித்த துண்டை அந்த நொடியே பொறுக்குங்கள், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சு அடைக்கும்.

பட்டன் பேட்டரி விளக்கு

வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும்.

காற்றடித்த குளம்

கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும். போனைக் கீழே வைத்துவிட்டு, குளத்தை மட்டும் பார்க்க ஒரு பெரியவர். கேக் வெட்டக் கூப்பிடுவதற்கு முன்பே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.