ரெஜினாவில் ரஃப்ரைடர்ஸ் ஆட்டம் பார்க்கப் போகிற பெற்றோருக்கு

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வீட்டுப் பிள்ளையாவது கனடாவில் இருக்கிறது. டொரண்டோ, வான்கூவர் போகிற அப்பா அம்மாவுக்கு வழி சொல்ல நிறைய பேர் உண்டு. சஸ்காட்செவன் மாநிலத்து ரெஜினாவுக்குப் போகிறேன் என்றால் மட்டும், “அங்கே பார்க்க என்ன இருக்கு, வெறும் வயல்தானே” என்கிறார்கள். என் மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். ஜூன் முதல் அக்டோபருக்குள் போகிறீர்கள் என்றால் மொசைக் ஸ்டேடியத்தில் ரஃப்ரைடர்ஸ் அணி ஆடும் கனடியன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்றாவது பாருங்கள். அதைப் பார்க்காமல் அந்த ஊர் மனிதர்கள் பிடிபட மாட்டார்கள்.

நான் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது கௌதமபுரம், பீலேவுக்குச் சிலை வைத்த இடம். எங்கள் அண்ணன்மார் ஆடிய கிளப்புக்குப் பந்து, ஜெர்சி, வெளியூர் ஆட்டத்துக்கு ரயில் செலவு எல்லாமே தெருவில் வசூலித்த காசுதான். ஐந்து ரூபாய் கொடுத்தவர்கூட கோல் விழுந்தால் தன் வீட்டு விசேஷம் போலக் கொண்டாடுவார். அசோக் நகர் ஸ்டேடியத்தில் லீக் ஆட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு, ரஃப்ரைடர்ஸ் பற்றி மாப்பிள்ளை சொன்ன முதல் விஷயமே போதுமானதாக இருந்தது: அந்த அணிக்கு முதலாளி கிடையாது, ஊர் மக்கள்தான் சொந்தக்காரர்கள்.

போவதற்கு முன் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1910இல் ரெஜினா ரக்பி கிளப் என்று தொடங்கிய அணி இது. பங்கு ஒன்று 250 டாலர் என்று மக்களுக்கு விற்றார்கள். வாங்கியவருக்கு லாபத்தில் ஒரு சல்லிக்காசு வராது. ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு உண்டு, அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். என் மகள் வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே பார்த்தேன். கிளப்பின் வரவு செலவுக் கணக்கு வருஷா வருஷம் எல்லாரும் படிக்கும்படி வெளியாகிறது. கனடியன் ஃபுட்பால் லீகில் ஒன்பது அணிகள். மக்களுக்குச் சொந்தமானவை இதுவும் வின்னிபெக் அணியும் மட்டும்தான். எட்மன்டன் அணியும் அப்படித்தான் இருந்தது, 2024இல் தனியாருக்குப் போய்விட்டது.

பலமுறை மூடும் நிலைக்குப் போன கிளப் இது. 1987இல் கடனில் முழுகும் நேரத்தில் டிவியில் நேரலை நடத்தி நிதி திரட்டினார்கள். சட்டையின் பச்சை நிறத்துக்கும் கையிருப்பு இல்லாத காலம்தான் காரணம். முன்பு சிவப்பும் கறுப்பும் உடுத்தியவர்கள், 1948இல் சிகாகோவில் மலிவாகக் கிடைத்த பச்சை வெள்ளை சட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்த மாநிலத்தில் பச்சை என்றால் ரஃப்ரைடர்ஸ்தான். அதனால் நீங்களும் ஒரு பச்சைச் சட்டையோ புடவையோ பெட்டியில் வைத்துவிடுங்கள். நான் பாட்டில் பச்சையில் பருத்திப் புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். முன்பின் தெரியாதவர்கள் வந்து வந்து பேசினார்கள்.

எந்த ஆட்டத்துக்குப் போவது? வழக்கமான சீசனில் அங்கே ஒன்பது ஆட்டங்கள் நடக்கும். நம் வயதுக்காரர்களுக்கு ஜூன், ஜூலை மாலை ஆட்டங்கள் நல்லது. ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும். செப்டம்பர் முதல் வாரம் லேபர் டே விடுமுறையை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை வின்னிபெக் அணியோடு நடக்கும் ஆட்டம்தான் ஊருக்கே திருவிழா. அதற்கு டிக்கெட் சீக்கிரம் தீரும். விசா கைக்கு வந்ததும் பிள்ளையிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். அக்டோபரில் குளிர் எலும்புக்குள் இறங்கும். உள்ளே தெர்மல், காதை மூடும் தொப்பி, உட்கார ஒரு கம்பளி, இத்தனையும் இல்லாமல் போக வேண்டாம்.

பெங்களூரிலிருந்து ரெஜினாவுக்கு நேர் விமானம் இல்லை. டொரண்டோ, வான்கூவர், கால்கரி என்று ஏதாவது ஒரு ஊரில் மாற வேண்டும். நம் நேரம் அவர்களைவிடப் பதினொன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அந்த மாநிலத்தில் கோடை குளிர் என்று கடிகாரத்தை மாற்றுவதும் இல்லை. இறங்கிய அன்றே ஆட்டத்துக்குப் போகாதீர்கள். இரண்டாவது கால்பகுதியிலேயே தூங்கிவிடுவீர்கள்.

இனி ஆட்டம். நம் கால்பந்து வேறு, இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள், சில நேரம் உதைப்பார்கள். ஒரு பக்கம் பன்னிரண்டு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு மூன்று முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி மூன்று முயற்சி. முதல் இரண்டு முயற்சியில் தேறவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றாவதில் உதைத்துப் பந்தை எதிரிக்குக் கொடுத்துவிடுவார்கள். எதிரணி முனையில் இருக்கும் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று. கால்பகுதிக்குப் பதினைந்து நிமிடம், நான்கு கால்பகுதி. ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடும், மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஆட்டத்தைவிட இவர்கள் மைதானம் பெரியது. நூற்றுப்பத்து கஜ நீளம், அறுபத்தைந்து கஜ அகலம், அதற்கு மேல் இரண்டு முனையிலும் இருபது கஜம். அந்த அகலத்தில்தான் ஓட்டக்காரர்களின் அழகே தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். 2027 முதல் நீளத்தை நூறு கஜமாகக் குறைக்கப் போவதாக லீக் அறிவித்திருக்கிறது. பழைய பெரிய மைதானத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கு முன் போய்விட்டு வாருங்கள்.

எங்கே உட்காருவது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதைப் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள். மொசைக் ஸ்டேடியத்தைப் பள்ளம் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். மைதானம் தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சமவெளியின் காற்றுக்கு அது ஒரு மறைப்பு. வாசலில் நுழைந்து நேராக நடந்தால் நடுத்தளத்தில் நிற்பீர்கள், காலடியில் பச்சை மைதானம் விரியும். அந்தக் காட்சிக்கு மாப்பிள்ளை என்னைத் தயார்படுத்தவே இல்லை, நல்லவேளை. ஆனால் கீழ் வரிசை டிக்கெட் எடுத்தால் படி இறங்கிப் போய், கழிவறைக்கும் காப்பிக்கும் மறுபடி ஏறி வர வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் நடுத்தள நடைபாதையை ஒட்டிய வரிசையைக் கேளுங்கள். ஆட்டத்தின் அமைப்பு புரிவதற்கும் கொஞ்சம் உயரம் தேவை. பன்னிரண்டு பேரும் எப்படி விரிந்து நிற்கிறார்கள் என்பது கீழிருந்து தெரியாது. மாலை ஆட்டம் என்றால் மேற்குப் பக்கம் எடுங்கள். கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இறங்குகிற வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

அந்த நடைபாதை ஸ்டேடியத்தை முழுக்கச் சுற்றி வருகிறது, நடந்துகொண்டே ஆட்டம் பார்க்கலாம். இடைவேளைக்கு முன் ஒரு சுற்று வாருங்கள். பேரப்பிள்ளையைத் தோளில் வைத்த தாத்தாக்கள், தர்பூசணியைக் குடைந்து தலையில் ஹெல்மெட்டாக மாட்டிய வாலிபர்கள், அணியின் சின்னமான கெய்னர் என்ற கோஃபர் (தரை அணில்) வேஷக்காரரோடு படம் எடுக்க நிற்கும் குழந்தைகள் என்று ஒரு மாநிலமே அங்கே நடமாடும். தர்பூசணித் தொப்பி அங்கே கேலி இல்லை, மரியாதையான உடுப்பு.

ஸ்டேடியத்துக்கு வந்து சேர, ஆட்ட நாளில் சில மால்களிலிருந்து தனி பஸ் விடுகிறார்கள். காரில் போய்ப் பார்க்கிங் தேடி அலைவதைவிட அது எவ்வளவோ மேல். கைப்பையைச் சிறியதாக எடுத்துப் போங்கள், உள்ளே செலவுக்குப் பிள்ளையின் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பூட்டின் வாங்கும்போது கவனம்: உருளைக்கிழங்கு வறுவல்மேல் ஊற்றும் அந்தக் குழம்பு பொதுவாக இறைச்சிச் சாறில் செய்தது. வெறும் வறுவலாகக் கேட்டு வாங்கலாம், பாப்கார்ன் இருக்கும். நான் வீட்டிலேயே வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

உட்கார்ந்ததும் ஒரு நடைமுறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ரஃப்ரைடர்ஸ் கையில் பந்து இருக்கும்போது கத்தக் கூடாது. நடுவில் நிற்கும் குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குக் குரல் கொடுக்கிறார், அது அவர்கள் காதில் விழ வேண்டும். எதிரணி கையில் பந்து போனதும் தொண்டை கிழியக் கத்தலாம். முப்பத்து மூவாயிரம் பேர் ஒரே நொடியில் அடங்குவதும் ஒரே நொடியில் எழும்புவதும் நான் வேறெங்கும் கேட்டதில்லை. ரெஜினாவின் ஜனத்தொகையே 2021 கணக்கில் சுமார் 2,26,000 என்றால் யோசித்துப் பாருங்கள், ஊரில் ஏழு பேருக்கு ஒரு இருக்கை இருக்கிறது. அதில் பாதி வெளியூர்க்காரர்களே வந்து நிரப்புவது போலத் தோன்றும். என் பக்கத்தில் உட்கார்ந்த விவசாயத் தம்பதி ஸ்விஃப்ட் கரன்ட் பக்கத்திலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள், ஆட்டம் முடிந்து இரவோடு இரவாகத் திரும்பினார்கள். அந்தம்மா கையில் பங்கு இருக்கிறது. மாமனார் வாங்கியதா என்று கேட்டேன். இல்லையாம், கோதுமை நன்றாக விளைந்த வருஷம் தானே வாங்கினாராம்.

இப்படிப் பேச்சுக் கொடுக்கத் தயங்காதீர்கள். நமக்கும் அவர்களுக்கும் பேச விஷயம் இருக்கிறது. நாம் சமைக்கிற மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு கனடாவிலிருந்து வருகிறது, அதை அங்கே முக்கியமாக விளைவிப்பது சஸ்காட்செவன்தான். ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்த மொசைக் கம்பெனி பொட்டாஷ் உரம் எடுக்கிறது. நம் விவசாயிகள் போடும் பொட்டாஷ் முழுக்க இறக்குமதிதான். அந்தம்மாவிடம் பருப்பு ரசம் பற்றிச் சொன்னேன், மூன்றாவது கால்பகுதி முழுவதும் அதிலேயே போயிற்று.

ஒரு பேச்சை மட்டும் நீங்களாக எடுக்க வேண்டாம். அது 2009இல் கிரே கப் என்ற லீக் கோப்பைக்கு நடந்த இறுதி ஆட்டம். கடைசி நொடியில் மொன்ட்ரியல் உதைத்த பந்து குறி தவறியது, ரஃப்ரைடர்ஸ் ஜெயித்ததாகக் குதித்தார்கள். ஆனால் களத்தில் அவர்கள் பக்கம் பதின்மூன்று பேர் நின்றிருந்தார்கள். தண்டனையாக மறு உதை, அது உள்ளே போயிற்று, 28க்கு 27 என்று கோப்பை கைநழுவியது. பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்கு அடுத்த பதின்மூன்றாவது ஆள் என்று ரசிகர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஊரில் அது எவ்வளவு வலித்திருக்கும்! 1966, 1989, 2007, 2013, 2025 என்று அவர்கள் கோப்பை வென்ற வருஷங்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அதில் 2013 வெற்றி சொந்த மண்ணில், பழைய டெய்லர் ஃபீல்டில் கிடைத்தது.

அந்த டெய்லர் ஃபீல்ட் இப்போது இல்லை. 2017இல் இந்தப் புது ஸ்டேடியம் ஆட்டங்களுக்குத் திறந்ததும் அதை இடித்துவிட்டார்கள். முதல் உலகப்போரில் விமானியாகப் போய் ஒரு கண்ணை இழந்து, அதன் பிறகும் இதே அணிக்கு ஆடிய பிஃபிள்ஸ் டெய்லரின் பெயர் அது. புது ஸ்டேடியத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், கிளப் அலுவலகம் அங்கே கதவு எண் 1910இல் இருக்கிறது. ஸ்டேடியம் நகராட்சிக்குச் சொந்தம். செலவு 27 கோடியே 80 லட்சம் டாலர். மாநில அரசும் நகரமும் கிளப்பும் சேர்ந்து போட்டார்கள். கடனாக வாங்கிய பகுதியை டிக்கெட்டோடு சேர்க்கும் ஒரு கட்டணத்திலிருந்து அடைக்கிறார்கள். டிக்கெட்டில் ஸ்டேடியக் கட்டணம் என்று தனியாகத் தெரிந்தால் பிள்ளையிடம் அதற்காகக் கோபிக்காதீர்கள், அது அந்தக் கூரைக்கும் படிக்கும் போகிற காசு.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓட வேண்டாம். பஸ் வரிசை முதல் இருபது நிமிடம் நீளமாக இருக்கும். கூட்டம் கரையும்வரை இருக்கையிலேயே இருந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து நிதானமாகப் படியேறுங்கள். “கோ ரைடர்ஸ்” என்று யாராவது சொல்லி விடைபெற்றால் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

நீங்கள் இருக்கும் நாட்களில் ரெஜினாவில் ஆட்டம் இல்லை என்றால் வின்னிபெக் அட்டவணையையும் பாருங்கள். அதுவும் மக்கள் அணி, ஸ்டேடியம் மானிடோபா பல்கலைக்கழக வளாகத்தில். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் கிழக்கே ஆறு மணி நேரப் பயணம். லேபர் டே ஆட்டத்துக்கு அடுத்த வாரம் இதே இரண்டு அணிகள் அங்கே மோதும். அதற்குப் போவதென்றால் ரூமை முதலில் போட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள், பச்சைச் சட்டைக்காரர்கள் பெரும் கூட்டமாக வண்டி கட்டிக்கொண்டு அங்கேயும் வந்துவிடுவார்கள்.