சோறு போனது, சப்பாத்தி வந்தது, அளவு மட்டும் மாறவில்லை

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 54. அன்று மாலையே வீட்டில் மாற்றங்கள் தொடங்கிவிட்டன. காபியில் சீனி நின்றது. இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்தது. பொன்னி அரிசி இருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் சாமையும் வரகும் வந்து உட்கார்ந்தன. காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் நடந்தார். மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தப் பரிசோதனை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4-லிருந்து 8.2-க்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். "வாயைக் கட்டி என்ன பயன்?" என்று அப்பா அன்று மருத்துவமனை வராந்தாவில் சோர்ந்து உட்கார்ந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

உணவு ஆலோசகர் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, இரவில் எத்தனை சப்பாத்தி?" நான்கு, சில நாள் ஐந்து. அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு. நான்கு என்றால் 120 கிராம். அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 80 கிராம். 100 கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே 80 கிராம்தான். விட்டுவிட்டதாக நினைத்த சோறு வேறு பெயரில் தட்டிலேயே இருந்தது. கூடவே உருளைக்கிழங்கு குருமா வேறு.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் இதே தவறு என் கண்ணில் படுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை எல்லோரிடமும் இருக்கிறது. அந்த அக்கறை பொருளின் பெயரை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. தமிழ்நாட்டின் கணக்கு 14.4 விழுக்காடு. வயது வந்த ஏழு பேரில் ஒருவர். இத்தனை பேர் பாடுபட்டும் பலன் கிடைக்காமல் மனம் தளர்வது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெயர் மாற்றங்கள்

"நான் ஒரு வேளைதான் சோறு சாப்பிடுகிறேன், மற்ற இரண்டு வேளையும் டிபன்தான்." இதைச் சொல்லாத உறவினர் யாருக்கும் இருக்க மாட்டார். இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறோம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான். இட்லியை நான் குறை சொல்லவில்லை. புளிக்கவைத்து, எண்ணெய் இல்லாமல் ஆவியில் வெந்த உணவுக்கு ஈடு குறைவு. ஆனால் ஐந்து இட்லியும் கரண்டிக் கணக்கில் சட்னியும் சாப்பிட்டுவிட்டு அதை இலேசான உணவு என்று கணக்கில் எழுதக் கூடாது. மூன்று இட்லியோடு ஒரு கிண்ணம் சாம்பார், அதில் நிறையக் காய் என்றால் கதை வேறு.

சிறுதானியத்திலும் இதுதான் நடக்கிறது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது தினையும் குதிரைவாலியும் மளிகைக் கடையின் முன்வரிசைக்கு வந்தன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியமும் அதன் அருகில் வராது. ஆனால் எந்தச் சிறுதானியத்திலும் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. அரிசியில் 78. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று உரிமை கொடுக்கும் அளவுக்கு இல்லை. நன்றாகத் தீட்டி வெளுத்த சாமையில் நார்ச்சத்தும் பெருமளவு போய்விடும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டிச் சாப்பிட்டால் அந்த வேகம் குறைகிறது.

வெள்ளைச் சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன். சுவையும் மணமும் கூடும், கனிமங்கள் துளி கூடும். பெரும்பகுதி அதே இனிப்புச் சத்துதான், இரத்தத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "கருப்பட்டிக் காபிதானே" என்று நாளைக்கு நான்கு டம்ளர் குடிக்கும் சர்க்கரை நோயாளிகளை எனக்குத் தெரியும்.

இந்துப்பு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதை நம்பித் தாராளமாகச் சேர்க்கிறார்கள். இந்துப்பிலும் ஆகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், சாதாரண உப்பில் இருக்கும் அதே பொருள். அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் இன்னொரு இழப்பும் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று பக்கவாட்டில் சேர்ப்பதையும் அந்தத் தேக்கரண்டிக்குள்தான் அடக்க வேண்டும்.

செக்கு எண்ணெய்க்கும் விதிவிலக்கு கிடையாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. எங்கள் வீட்டில் இதற்கு அம்மா ஒரு வழி வைத்திருக்கிறார். புதுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதன் மேல் பேனாவால் தேதி எழுதிவிடுகிறார். முன்பு மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒரு லிட்டர் ஒன்பது நாளில் தீர்ந்தது. தேதி எழுதத் தொடங்கிய பிறகுதான் அது தெரிந்தது. இப்போது 16 நாள் வருகிறது. ஒன்றையும் விடவில்லை. தாளிக்கும்போது புட்டியைச் சாய்ப்பதற்குப் பதில் கரண்டியில் அளந்து ஊற்றுகிறார்.

பழச்சாற்றை ஒரு வரியில் முடிக்கலாம். மூன்று சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட்டால் வயிறு நிறையும், பிழிந்து குடித்தால் அடுத்த பத்தாவது நிமிடம் பசிக்கும்.

தொட்டுக்கொள்ள என்ன?

நம் வீட்டுச் சாப்பாட்டின் பெரிய தவறு இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காயும் கூட்டும் தொட்டுக்கொள்ளும் பொருள்கள், சோறுதான் சாப்பாடு. அதனால் ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டு கரண்டிப் பொரியல். மூன்று பேர் வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கினால் இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறோம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம். எடை எல்லாம் சமைப்பதற்கு முன்பு. தானியத்தைவிடக் காய் அதிகம்! நம் தட்டு இதற்கு நேர் தலைகீழ். ஒரு நாள் அம்மாவும் நானும் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். அப்பாவின் மதியச் சோற்றுக்கான அரிசி மட்டும் 190 கிராம், காய் 60 கிராம்.

மாற்றியது வரிசையை. முதலில் தட்டில் பாதிக்குக் காய், பிறகு கெட்டியான பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மிச்ச இடத்தில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது. இதற்குப் பெரிய செலவு இல்லை. புடலை, கொத்தவரை, வாழைத்தண்டு, சுரைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் உழவர் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. சுரைக்காய் மட்டும் நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு உயிருக்கே ஆபத்து.

சாம்பாரை நம்பிப் புரதக் கணக்கை மூடிவிடுவதும் தவறு. ஆறு பேருக்கு ஊற்றும் சாம்பாரில் ஒரு கை துவரம் பருப்புதான் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலிலும் ஏறத்தாழ அவ்வளவு.

அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். அப்பாவின் தட்டைச் சீர்செய்த ஆறு மாதத்தில் அவருடைய எச்பிஏ1சி 7.1 ஆனது. அதே ஆறு மாதத்தில் அம்மாவின் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றபடி, சட்டியில் ஒட்டிய சோறும் யாரும் எடுக்காத தோசையுமாக அவருடைய சாப்பாடு முடிந்துகொண்டிருந்தது. காய் தீர்ந்திருக்கும், மீந்திருப்பது சோறு. வீணாக்கக் கூடாது என்ற நல்ல குணம் அவர் உடம்பில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நோயாளிக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல், அம்மாவுக்கு மிச்சம் என்ற ஏற்பாடு இருக்கும் வீட்டில் எந்த உணவுத் திட்டமும் பாதித் திட்டம்தான். இப்போது அம்மாவின் தட்டைத்தான் முதலில் போடுகிறோம். பழக அவருக்கு வெகு நாளாயிற்று.

காலையில் நடை, பகலெல்லாம் நாற்காலி

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசைக்கு வலுச் சேர்க்கும் பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு இது. மிதமான என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டு உலாவுவது மனதுக்கு நல்லது, ஆனால் இந்தக் கணக்கில் சேராது. 65 கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி செலவாகும். வாசலில் டீயோடு சாப்பிடும் இரண்டு உளுந்து வடை அதைத் தாண்டிவிடும்.

பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தவிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பெரும்பலன் கிடைத்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இன்று 2,000 அடி நடப்பவர் 4,000-க்குப் போனாலே அது பெரிய முன்னேற்றம்.

எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடப்பது நம் ஊர்ப் பூங்காக்களில் மிகவும் பரவியிருக்கிறது. அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் உடல் சமநிலைக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பல ஆண்டு நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கூழாங்கல் குத்தினாலும், வெயிலில் தளம் சுட்டாலும் தெரியாது. சின்னப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குப் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து செருப்பைக் கழற்றாதீர்கள். இரவில் கால்களைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தை ஒரு கண்ணாடியில் பாருங்கள்.

அப்பாவுக்கு அதிகம் உதவியது காலை நடையைவிட இரவு நடை. சாப்பிட்டுக் கை கழுவியதும் தொலைக்காட்சி முன் உட்காராமல், தெருமுனைக் கோவில் வரை போய்த் திரும்பும் 15 நிமிடம். சாப்பாட்டிலிருந்து வந்த குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கால் தசைகள் அதை எடுத்துச் செலவழிக்கின்றன. பகலிலும் மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடமாடினால் உடம்பு அதை வரவு வைத்துக்கொள்ளும்.

தசைப் பயிற்சியைப் பலரும் இளைஞர்களின் சங்கதி என்று தள்ளிவிடுகிறார்கள். வயது ஏற ஏறத் தசை கரைகிறது, குளுக்கோஸைச் சேர்த்து வைக்கும் கிடங்கும் அதோடு சுருங்குகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவ்வளவு போதும் தொடங்க. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பது நம்மவர்களிடம் அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டிவிட்டால், தராசு என்ன சொன்னாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. நான் மேலே சொன்ன மாற்றங்களைச் செய்யும்போது, இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சோற்றைக் குறைக்க வேண்டும். உணவு குறைந்து, நடை கூடி, மருந்து மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்பாவுக்கு ஒரு நாள் தெருமுனையில் அப்படித்தான் ஆனது. கை நடுங்கி, சட்டை வியர்வையில் நனைந்து, கோவில் படியில் உட்கார்ந்துவிட்டார். பூக்காரம்மா கொடுத்த சீனித் தண்ணீர்தான் காப்பாற்றியது. மறுநாளே மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். அன்றிலிருந்து மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் மாவைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அப்பா வெளியே போகிறார். துணி ஊறவைக்கும் முன் அந்தப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைப்பது அம்மாவின் வேலை.