பைபாஸ் தேதி கிடைத்ததும் சிறுநீரகத்தை மறந்துவிடாதீர்கள்

கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில், இருதய இரத்தக்குழாய் அடைப்புக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்துவிட்டால், வீட்டில் எல்லாரும் எத்தனை அடைப்பு, எத்தனை நாள் படுக்கை என்றுதான் பேசுகிறோம். இருதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. அறுவையின்போது இருதயத்தின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் அந்த ஓட்டம் குறையலாம், சிவப்பணுக்கள் சிதையலாம், உடலெங்கும் அழற்சி எழலாம். இவற்றின் சுமை சிறுநீரகத்தின் மீதும் விழுகிறது.

நம்மவர்களிடம் நான் மிகவும் அஞ்சும் தவறு, முட்டிவலிக்கு மருந்தகத்தில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்கும்போது அம்மா "இல்லை" என்றுதான் சொல்வார், ஏனெனில் அவர் கணக்கில் அது மருந்தே அல்ல. இரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் தன் நுழைவுக் குழாயை விரித்துத் தற்காத்துக்கொள்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் அந்தத் தற்காப்பையே முடக்கிவிடுகின்றன. உறவினர் கொடுத்த மூலிகைப் பொடியும் மஜூன் எனும் லேகியமும் இதே கணக்கில் சேரும். பதிவு எண் இல்லாத சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருந்தது மலேசியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. எனவே வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக, பயந்துபோய் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவோரும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கான பெரிண்டோப்ரில், இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் ஆஸ்பிரின் ஆகிய ஒவ்வொன்றையும் எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதை அறுவைக் குழுவிடம் எழுதி வாங்க வேண்டும். இனிப்பு நீருக்கு எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 3 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் சரியாக இருக்கிறது என்ற ஒரு வரியோடு திருப்தியடைவதும் தவறுதான். தசை குறைந்த மெலிந்த முதியவரிடம் அந்த எண், சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியாகக் குறைந்த பிறகும்கூடச் சாதாரணமாகத் தெரியலாம். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கீடு எவ்வளவு, சிறுநீரில் அல்புமின் எனும் புரதம் போகிறதா என்று கேளுங்கள். இருதயக் குழாய்களைச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்து சில நாளே ஆகியிருந்தால், அதில் செலுத்திய சாயத்துக்குப் பிறகு இரத்தத்தை மறுபடி சோதித்தார்களா என்பதையும் விசாரியுங்கள்.

அறுவைக்குப் பின் வார்டில், கிட்னிக்கு நல்லது என்று இளநீரும் தண்ணீரும் கட்டாயப்படுத்திக் கொடுக்கிறோம். பலவீனமான இருதயத்துக்கு அதிக நீர் சுமையாகும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இளநீரிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகவும் முடியும். குடிக்கும் அளவைத் தாதியர் சொன்னபடியே வையுங்கள். கிரியேட்டினின் ஏற ஓரிரு நாள் ஆகலாம் என்பதால் சிறுநீர் அளவுதான் அதற்கு முந்திய அறிகுறி: 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவாக 6 மணி நேரம் நீடித்தால் அது எச்சரிக்கை. அப்போது சிறுநீர் ஊசி போடச் சொல்லி வற்புறுத்துவது சரியல்ல. அந்த ஊசி சேர்ந்த நீரை வெளியேற்ற உதவும், சிறுநீரகத்தைக் காக்காது.

வீடு திரும்பியதும் தையல் ஆறியதைப் பார்த்து நிம்மதியடைந்து பரிசோதனையை விட்டுவிடுகிறோம். மருத்துவமனையில் சிறுநீரகம் ஒருமுறை தடுமாறியிருந்தால், அந்தக் குறிப்பு உள்ள டிஸ்சார்ஜ் தாளை அரசாங்க கிளினிக்கில் கொடுத்து, 3 மாதத்துக்குள் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்லுங்கள்.