நிழல் வராந்தாவில் அக்லோனிமா: அழுகாமல் அடர்த்தியாக வளர்க்க

கோலாலம்பூரில் அடுக்குமாடி நடைவழி, தெரஸ் வீட்டு கார் போர்ச், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இடுக்கு, இங்கெல்லாம் நம்பி வைக்கக்கூடிய செடி அக்லோனிமா. காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த தென்கிழக்காசியச் செடி என்பதால் நம் ஊர் வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குப் பழக்கம். வருடம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். வாங்கிய சில மாதத்தில் செத்துப்போனால் நிழல்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். நடுப்பகலில் விளக்குப் போடாமல் அங்கே நாளிதழ் படிக்க முடிந்தால் பச்சை, வெள்ளி நிற இலை வகைகள் தாங்கும். சிறிய அளவில் அடர்த்தியாக நிற்க 'மரியா' என்ற வகை நல்ல தேர்வு. சிவப்பு வகைகளுக்கு இந்த வெளிச்சம் போதாது. புது இலைகள் மெல்ல மெல்லப் பச்சைக்கு மாறிவிடும். அந்தச் சிவப்பு, சுமத்ராவின் காட்டு இனமான அக்லோனிமா ரொட்டண்டத்திலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் கிரகரி ஹம்பாலி 1980களில் அதைக் கலப்பினம் செய்து 'பிரைட் ஆஃப் சுமத்ரா'வை உருவாக்கினார். இவற்றை நல்ல வெளிச்சம் விழும் ஓரத்தில் வையுங்கள். நேர் வெயில் மட்டும் எந்த வகைக்கும் ஆகாது, இலை வெளுத்துக் கருகும்.

மண்ணில்தான் பாதி வேலை. கடையில் வாங்கும் செடி பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்த்தூளில் இருக்கும். நர்சரியில் காற்றோட்டம் அதிகம், அங்கே அது சரி. உங்கள் நடைவழியில் அதே தூள் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வேருக்குக் காற்று போகாது. ஒரு வாரம் புது இடத்துக்குப் பழகவிட்டு, பிறகு மாற்றி நடுங்கள். கலவை இப்படி: தேங்காய் நார்த் துண்டு 2 பங்கு, கருக்கிய நெல் உமி 1 பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றுக்கு இடம் விடும் லேசான வெள்ளைக் குருணை) 1 பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. சுங்கை பூலோ நர்சரிகளில் கருக்கிய உமியை 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் மூட்டையாகக் கிடைக்கும். நார்த் துண்டை ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீரை மாற்றிப் பிழியுங்கள். அதில் இருக்கும் உப்பு போகாவிட்டால் இலை நுனி பழுப்பாகும்.

பூச்சாடி வேர்க்கட்டியைவிட 2 அல்லது 3 செ.மீ. அகலமாக இருந்தால் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து புளிக்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை 4 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் காத்திருங்கள். சாடியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது: காய்ந்த சாடி கைக்கே லேசாகத் தெரியும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியேறும்வரை ஊற்றுங்கள். நடைவழியில் இது சுமார் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை வரும். அடைமழை நாள்களில் இன்னும் தள்ளிப்போகும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். வேர் அழுகுவது ஒருபக்கம், ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.

கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது வயதால். ஒரே வாரத்தில் நாலைந்து மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று நூல் மட்டும் கையில் நிற்கும். அதையெல்லாம் வெட்டி, புதுக் கலவையில் சின்னச் சாடியில் நடுங்கள். தண்டே கூழாகி நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல். மேலே கெட்டியான பகுதி இருந்தால் வெட்டி எடுத்து, மீதியைக் கலவையோடு எறியுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

இலைக் காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. 70% ஆல்கஹாலில் நனைத்த காதுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் தொடருங்கள்.

உரம் குறைவாக: 15 செ.மீ. சாடிக்கு மெதுவாகக் கரையும் 14-14-14 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள) உரக் குருணை அரைத் தேக்கரண்டி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

காலப்போக்கில் அடித்தண்டு மொட்டையாகி, செடி உயர்ந்து சாயும். மனம் தளராமல் வெட்டுங்கள்: மண்ணிலிருந்து 6 செ.மீ. கட்டையை விட்டு, கணுவுக்குச் சற்று மேலே. கட்டையில் புது முளைகள் வரும், செடி அகலமாகும். வெட்டிய தலைப்பகுதியைச் சில மணி நேரம் நிழலில் உலரவிட்டு, ஈரமான கருக்கிய உமியில் நட்டால் சுமார் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். பூ வந்தால் கிள்ளிவிடலாம், அந்தச் சத்து இலைக்குப் போகட்டும். வெட்டும்போது கையுறை போடுங்கள்: சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் தோல் அரிக்கும், குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.