பல்கலைக்கழகத்தில் ஈரானிய மொழிகள் படிக்க: எங்கிருந்து தொடங்குவது?

ஈரானிய மொழிகள் என்றதும் பலருக்குப் பாரசீகம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. குர்திஷ், பஷ்டோ, பலூச்சி, காகசஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஒசெத்தியம் ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பாரசீகமே ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தஜிகிஸ்தானில் தஜிக் என மூன்று பெயர்களில் வழங்குகிறது. எது பிடித்தாலும் பாரசீகத்தில் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. ஆசிரியர், அகராதி, பாடநூல் எல்லாம் அதற்குத்தான் தாராளமாகக் கிடைக்கின்றன.

படி 1: சேருவதற்கு முன்பே எழுத்தைப் பழகுங்கள்

மொத்தம் 32 எழுத்துகள். அரபு எழுத்தோடு ப (p), ச (ch), ழ (zh, ‘ஷ’வை அதிர்வோடு ஒலிப்பதுபோல்), க (g) என்ற ஒலிகளுக்காக நான்கைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். வடிவங்கள் சீக்கிரம் பழகிவிடும். குறில் உயிர்களை எழுதுவதில்லை என்பதுதான் தலைவலி. காஃப், ரே, மீம் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் ‘கரம்’ (கொடை), ‘கெர்ம்’ (புழு), ‘கெரெம்’ (முகத்தில் பூசும் கிரீம்) என்று எப்படியும் வாசிக்கலாம். எது சரி என்பதை வாக்கியம்தான் சொல்லும். அதனால் தனிச் சொற்களை மனப்பாடம் செய்யாமல் முழு வாக்கியங்களாகவே படியுங்கள்.

இலக்கணம் அவ்வளவு மிரட்டாது. வினைச்சொல் நமக்கு இருப்பதுபோல் கடைசியில் வரும். ஆண்பால், பெண்பால் பேதமே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ‘ஊ’தான்.

படி 2: பேச்சுநடையைத் தள்ளிப்போடாதீர்கள்

வகுப்பில் ரொட்டிக்கு ‘நான்’ என்று கற்றுத்தருவார்கள். தெஹ்ரான் கடையில் அது ‘நூன்’. ‘போகிறேன்’ என்பது எழுத்தில் ‘மீரவம்’, பேச்சில் ‘மீரம்’. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. இரண்டையும் முதல் ஆண்டிலேயே கேட்டுப் பழகிவிட வேண்டும்.

படி 3: துறையின் பாடத்திட்டத்தை வாசியுங்கள்

பெயரைப் பார்த்து மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பாரசீகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது மூன்றுக்கும் சேர்ந்த துறை உண்டு. ஜெர்மனியில் கோட்டிங்கன், மார்பூர்க் போன்ற இடங்களில் ‘ஈரானிஸ்டிக்’ (ஈரானிய மொழி, பண்பாட்டு ஆய்வு) தனித்துறையாகவே வளர்ந்தது. ஆனால் அங்கே இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். பாரசீகம் படிக்கப் போய் முதலில் ஜெர்மனோடு மல்லுக்கட்ட நேரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு பழைய மொழியையாவது தொடுங்கள்

இந்தப் படிப்பின் ருசியே இங்கேதான் இருக்கிறது. ஈரானின் பெஹிஸ்துன் மலைப்பாறையில் பழங்காலப் பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் வெட்டுவித்த கல்வெட்டு பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் என்ற மூன்று மொழிகளில் இருக்கிறது. ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன ஆப்பெழுத்தை அறிஞர்கள் வாசிக்கக் கற்றதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சமஸ்கிருதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் ஜொராஸ்திரிய மறைநூலான அவெஸ்தாவின் மொழியை எடுக்கலாம்: சமஸ்கிருதத்தில் ‘சோம’ என்பது அவெஸ்தாவில் ‘ஹவோம’, ‘ஸப்த’ என்பது ‘ஹப்த’. இடைக்காலப் பாரசீகத்தை எழுதப் பயன்பட்ட பஹ்லவி எழுத்துக்குத்தான் பொறுமை வேண்டும். ‘மல்கா’ என்ற அராமிய மொழிச் சொல்லை எழுதிவிட்டு அதை ‘ஷா’ (அரசர்) என்று வாசிப்பார்கள். இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம், மனப்பாடம்தான் வழி.

படி 5: பண்பாட்டையும் பாடமாகப் படியுங்கள்

மார்ச் 20 அல்லது 21-இல் வரும் நவ்ரூஸ் புத்தாண்டைக் குர்துகளும் தஜிக்குகளும்கூடக் கொண்டாடுகிறார்கள். ‘தாரோஃப்’ என்ற உபசார முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். காசு நீட்டும்போது கடைக்காரர் “வேண்டாம்” என்பார். அது மரியாதைப் பேச்சு, மறுபடி வற்புறுத்திக் கொடுத்துவிட வேண்டும்.

படி 6: ஒரு பருவமாவது அங்கே தங்குங்கள்

தெஹ்ரானில் தெஹ்கோதா நிறுவனம் வெளிநாட்டினருக்குப் பாரசீகம் கற்பிக்கிறது. அங்கே போகச் சூழல் இடம்தராவிட்டால் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே இருக்கிறது. பஸ் ஏறுவதற்கு முன்பே ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே கடைப்பலகை முதல் பாடநூல் வரை எல்லாம் அதில்தான்.